கேட்டவர் ஆபிரகாம்

பாஸ்கா திருவிழிப்பு இரவில், படைப்பின் வரலாற்றை அடுத்து நாம் கேட்கும் இரண்டாம் வாசகம் தொடக்கநூலின் 22ஆம் அதிகாரமாகும். ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிட மோரியா நிலப்பகுதிக்கு அழைத்துச் சென்ற வரலாறு அது. கடவுள் கட்டளையிட்டார், ஆபிரகாம் ஏனென்று கேளாமல் பணிந்தார், நாமும் அவ்வாறே பணிய வேண்டும் என்பதே அதற்குப் பெரும்பாலும் தரப்படும் விளக்கத்தின் சாரம். இவ்விளக்கத்தில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. குடும்பத்திலும் பொதுவாழ்விலும் எளியோரின் வாயை அடைக்கும் கருவியாகவும் இது பயன்பட்டு வந்திருக்கிறது. ஆகவே ஆபிரகாமின் கீழ்ப்படிதல் எத்தகையது என்பதை, அவரது கதை சொல்லப்பட்டிருக்கும் முறையைக் கொண்டே ஆராய்வது தேவையாகிறது. மறைநூலாசிரியர் கையாண்ட இலக்கிய வகைகளைக் கருத்தில் கொண்டே அவர்தம் கருத்தைத் தேட வேண்டும் என்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடும் நமக்கு அறிவுறுத்துகிறது.

இந்த அதிகாரத்தை ஆழ்ந்து நோக்கியோருள் இருவர் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கவர்கள். ஒருவர், நாட்சி ஆட்சியில் பதவி பறிக்கப்பட்டு இஸ்தான்புல் நகரில் வாழ்ந்த செருமானிய யூத அறிஞர் எரிக் அவுர்பாக். 1946இல் வெளிவந்த ‘மிமேசிஸ்’ என்னும் அவரது திறனாய்வு நூலின் முதல் இயல், ஓமரின் ஒடிசியையும் இவ்வதிகாரத்தையும் ஒப்பிடுகிறது. ஒடிசியசின் தழும்பைச் செவிலி கண்டுகொள்ளும் காட்சியில் ஓமர் அனைத்தையும் வெளிச்சத்தில் வைத்துக் காட்டுகிறார். தொடக்கநூலோ மூன்று நாள் பயணத்தின் வழியையோ, தந்தையின் மனநிலையையோ விவரிப்பதில்லை. சொல்லாமல் விடப்பட்டவையே இக்கதைக்கு ஆழம் தருகின்றன என்பது அவர் முடிவு.

மற்றொருவர் டென்மார்க் நாட்டு மெய்யியலாளர் சோரன் கீர்க்ககோர். 1843இல் புனைபெயரில் அவர் வெளியிட்ட ‘அச்சமும் நடுக்கமும்’ முழுவதும் மோரியா மலையையே சுற்றி வருகிறது. நாட்டுக்காக மகளைப் பலிகொடுத்த கிரேக்க மன்னன் அகமெம்னோனின் துயரத்தை ஊரார் புரிந்துகொண்டு உடன் அழுவர். ஆபிரகாமை எவராலும் புரிந்துகொள்ள இயலாது. எனவே அவரால் பேசவும் இயலாது என்று அவர் வாதிடுகிறார்.

இருவருமே பேரறிஞர்கள். எனினும் இருவருக்கும் ஆபிரகாமின் மௌனமே மையமாகிறது. சோதோமுக்காக ஆபிரகாம் மன்றாடியதைக் கீர்க்ககோர் குறிப்பிடாமல் இல்லை. ஆனால் அது வந்துபோகும் ஒரு குறிப்பு மட்டுமே. அந்த மௌனத்துக்கு முன்னே நெடுங்காலப் பேச்சு ஒன்று இருந்தது. அதைக் கேளாதவர்க்கு இந்த மௌனமும் விளங்காது.

அப்பேச்சைச் சற்றே பின்தொடர்வோம். காரானிலிருந்து புறப்பட்டபோது ஆபிராமுக்கு வயது 75. அழைப்பு வந்தது, அவர் சென்றார். அங்கே அவர் மறுமொழி எதுவும் பதிவாகவில்லை. அவர் கடவுளை நோக்கிப் பேசியதாக நூல் முதன்முதலில் காட்டுவது 15ஆம் அதிகாரத்தில்தான். அந்த முதற்பேச்சே ஒரு வினா. பிள்ளையற்ற எனக்கு நீர் எதைத் தந்து என்ன பயன் என்னும் பொருள்பட அவர் முறையிடுகிறார். விண்மீன்களைக் காட்டி ஆண்டவர் வாக்களிக்கிறார், அவர் நம்புகிறார், அந்நம்பிக்கை அவருக்கு நீதியாகக் கருதப்படுகிறது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் புனித பவுல் தம் போதனையை எழுப்புவது இந்த வசனத்தின் மீதே. ஆனால் அதற்கு இரண்டே வசனங்கள் தள்ளி ஆபிராம் மீண்டும் வினவுகிறார். நாட்டை உரிமையாக்கிக்கொள்வேன் என்பதற்கு உறுதி கேட்கிறார். புகழ்பெற்ற அந்த விசுவாச அறிக்கையின் முன்னும் ஒரு கேள்வி, பின்னும் ஒரு கேள்வி! ஆண்டவர் சினம் கொள்ளவில்லை. உடன்படிக்கை செய்கிறார்.

99 வயதில் மகன் பிறப்பான் என்று கேட்டதும் ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து நகைக்கிறார். அடுத்த அதிகாரத்தில் சோதோமுக்காக வழக்காடுகிறார். நீதிமான்கள் 50 பேர் இருந்தால் என்று தொடங்கி, 45, 40, 30, 20 என்று இறங்கி, 10 பேரில் நிறுத்துகிறார். ஆறு முறை கேட்கிறார்; ஆறு முறையும் கடவுள் செவிசாய்க்கிறார். இவர் குறையற்றவரும் அல்லர். உயிருக்கு அஞ்சி எகிப்திலும் கெராரிலும் தம் மனைவியைத் தங்கை என்று சொன்னவர். இத்தகைய மனிதரையே இறைவன் தம் நண்பராக ஏற்றுக்கொண்டார்.

எபிரேய மொழியில் ‘ஷமா’ என்னும் வினைச்சொல், செவியால் கேட்பதையும் கீழ்ப்படிவதையும் ஒருங்கே குறிக்கும். ஆபிரகாமின் வரலாறெங்கும் அச்சொல் ஒலிக்கிறது. சாராயின் சொல்லைக் கேட்டு அவர் ஆகாரை ஏற்கிறார். ஆகாரின் மகன் பெயராகிய இஸ்மயேல் என்பதற்குக் கடவுள் கேட்கிறார் என்பதே பொருள். பின்னர் சாராவின் சொல்லைக் கேட்குமாறு கடவுளே அவருக்குச் சொல்கிறார். இறுதியில், மோரியாவில் அவர் பெறும் பாராட்டும், இறைவனின் குரலைக் கேட்டார் என்பதே.

இந்த நுட்பம் தமிழருக்கு அந்நியமானது அன்று. தாய் சொல்லைக் கேள் என்றால் பணிந்து நட என்று பொருள். பாட்டைக் கேள் என்றால் செவிமடு என்று பொருள். தெரியாததைக் கேள் என்றால் வினவு என்று பொருள். செவிவழி பெறும் அறிவைப் பேசும் திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பே ‘கேள்வி’. செவிமடுத்தல், வினவுதல், பணிதல் ஆகிய மூன்றையும் நம் மொழி ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறது. ஆபிரகாமின் கீழ்ப்படிதலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. அவர் மூன்று வகையிலும் கேட்டவர்.

இந்த ஒளியில் மோரியாவுக்குத் திரும்புவோம். அந்த அதிகாரத்தில் ஆபிரகாம் ‘இன்னேனி’ என்னும் எபிரேயச் சொல்லை மும்முறை மொழிகிறார். இதோ நான் இருக்கிறேன் என்பது அதன் பொருள். முதலில் கடவுளுக்கு, மூன்றாவதாக ஆண்டவரின் தூதருக்கு, இடையே, அப்பா என்று அழைத்த மகனுக்கு. கடவுளுக்குச் சொல்லும்போது தமிழில் ‘அடியேன்’ எனலாம். மகனிடம் அவ்வாறு கூற நம் மரபு இடந்தராது. எபிரேயத்திலோ இரண்டும் ஒரே சொல். கடவுளுக்குச் செவிகொடுத்த தந்தை, அதே கவனத்தோடு மகனுக்கும் செவிகொடுக்கிறார். பலிக்குரிய ஆடு எங்கே என்று ஈசாக்கு வினவுகிறான். தந்தை அதட்டவில்லை; வாயை மூடு என்று சொல்லவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று தம் நம்பிக்கையையே விடையாகத் தருகிறார். இருவரும் சேர்ந்தே சென்றனர் என்பதை நூல் அக்கேள்விக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் குறிக்கிறது. கேள்வி அவர்களைப் பிரிக்கவில்லை.

அந்நியரான சோதோமியருக்காக வாதாடியவர், தம் மகனுக்காக ஏன் வாதாடவில்லை? நூல் விடை கூறவில்லை. ஆயினும் பணியாளரிடம், நாங்கள் திரும்பி வருவோம் என்று அவர் பன்மையில் சொல்வதை உற்றுநோக்குங்கள். இறந்தோரை எழுப்பவும் கடவுள் வல்லவர் என்று அவர் எண்ணியதாக எபிரேயர் திருமுகம் இதை விளக்குகிறது. எனவே இது அடிமையின் ஊமைநிலை அன்று. பல்லாண்டுகள் கேட்டும் சிரித்தும் முறையிட்டும் ஒருவரை அறிந்துகொண்டவரின் அமைதி.

இன்னும் ஒன்று. கத்தியை எடுத்த கையைத் தடுத்தது இரண்டாவது குரல். முதற் கட்டளையைப் பெற்றதும் தம் செவியை மூடிக்கொண்டு, ஆணையை நிறைவேற்றுவதிலேயே கருத்தாக இருந்திருந்தால், ஆபிரகாம் அக்குரலைக் கேட்டிருக்க முடியாது, சிறுவன் இறந்திருப்பான். அவரது கீழ்ப்படிதலின் உச்சம் கத்தியை எடுத்தது மட்டுமன்று. இறுதி நொடி வரை கேட்டுக்கொண்டே இருந்து, அதைக் கீழே வைத்ததுமாகும்.

இவ்வளவு சொன்ன பின்னும் இக்கதை நம்மை நிம்மதியாக விட்டுவிடுவதில்லை. சாராவின் பெயர் அந்நிகழ்ச்சியில் இல்லை; அடுத்த அதிகாரம் 127 வயதில் அவர் இறந்ததைச் சொல்லித் தொடங்குகிறது. மலையிலிருந்து ஆபிரகாம் திரும்பியது பற்றிய வரியில் ஈசாக்கின் பெயரும் இல்லை. இந்த இடைவெளிகளை இனிப்பான விளக்கங்களால் அடைத்துவிடாமல், அவர்களுடைய வேதனைக்கும் நாம் செவிகொடுக்க வேண்டும்.

1992இல் வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூல், கீழ்ப்படிதல் என்பதற்குரிய இலத்தீன் சொல்லின் வேர் ‘செவிமடுத்தல்’ என்று காட்டி, ஆபிரகாமை அதற்கு முன்மாதிரியாகவும் அன்னை மரியாவை அதன் நிறைவாகவும் வைக்கிறது. அன்னையும் வானதூதரிடம் ஒரு வினா எழுப்பிய பின்னரே தம்மைக் கையளித்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆதலால் பெற்றோரே, பொறுப்பிலிருப்போரே, ஆபிரகாமின் பெயரால் பிறரைப் பணியக் கேட்குமுன் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அந்தக் கதையில் பலி கேட்டவர் கடவுள். பலியைத் தடுத்தவரும் அவரே. கடவுளின் இடத்தில் நம்மை வைத்துக்கொண்டு பிறருடைய ஈசாக்கை நாம் கேட்கலாகாது. நமக்குரிய இடம் ஆபிரகாமின் இடம். அங்கே நிற்பவர் இறைவனிடம் அஞ்சாமல் வினவலாம்; தம் பிள்ளையின் வினாவுக்கும் மறுமொழி சொல்ல வேண்டும்; கை ஓங்கிய நிலையிலும் இன்னொரு குரலுக்குச் செவி திறந்திருக்க வேண்டும். 175 வயதில் ஆபிரகாம் இறந்தபோது, ஒருகாலத்தில் பாலைநிலத்துக்கு அனுப்பப்பட்ட இஸ்மயேலும் பலிபீடத்தில் கிடத்தப்பட்ட ஈசாக்கும் சேர்ந்து வந்து, அவரை மக்பேலா குகையில் அடக்கம் செய்தனர் என்று நூல் கூறுகிறது. கேட்கத் தெரிந்த தந்தைக்கு அவர்தம் பிள்ளைகள் செய்த இறுதி மரியாதை அது.