ஆரூடம் எழுதிவைத்து ஆட்டம் பாருங்கள்

ஏப்ரல் மாதம் பாதி கடந்து, நேஷனல் ஹாக்கி லீகின் 32 அணிகளுள் 16 மட்டும் எஞ்சி, ஸ்டான்லி கோப்பைக்கான பிளே-ஆஃப் ஆட்டங்கள் தொடங்கவிருக்கும் சமயத்தில், கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ரசிகர்கள் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முதற் சுற்றிலிருந்து இறுதிச் சுற்று வரையில் யார் யாரை வெல்வார்கள் என்று ஆரூடம் எழுதுவது வழக்கம். பந்தயம் கட்டுகிறவர்களுடைய காரியம் இது என்று ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. பனித்தளத்தில் மின்னலாய் விரையும் அந்த ரப்பர் வட்டைக் கண்ணால் தொடரவே சிரமப்படும் புதிய ரசிகருக்கு, எதைக் கவனிக்க வேண்டும் என்று காட்டித் தருவதற்கு இந்த அப்பியாசத்தைவிடச் சிறந்த உபாயம் இல்லை. கச்சேரியில் ஆலாபனையின் முதற் பிடியிலேயே இன்ன ராகம் என்று மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டவர், பின்னால் வரும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தம் தீர்மானத்துக்கு அனுகூலமா பிரதிகூலமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதைப் போன்றது இது.

காகிதத்தில் மூன்று பத்திகள் வேண்டும். வெல்லும் அணி ஒன்றில். எத்தனை ஆட்டங்களில் வெல்லும் என்பது அடுத்ததில். அப்படி நினைப்பதற்குக் காரணம் என்ன என்பது மூன்றாவதில். ஏழு ஆட்டங்களுள் நான்கை முதலில் வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். இப்படி நான்கு சுற்றுகள், ஆக 16 வெற்றிகள் கிடைத்தால்தான் கோப்பை. முதல் இரண்டு பத்திகளை யாரும் நிரப்பிவிடலாம். மூன்றாவதில்தான் ரசிகருடைய ஞானம் இருக்கிறது.

காரணம் தேடும்போது கை முதலில் போவது, அதற்கு முன் நடந்து முடிந்த 82 ஆட்டங்களின் புள்ளி அட்டவணைக்குத்தான். அதை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பினவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2019-ஆம் ஆண்டில் 62 வெற்றிகளோடு முதலிடத்தில் நின்ற டாம்பா பே லைட்னிங் அணியை, கிழக்குப் பிரிவில் கடைசியாக இடம்பிடித்து வந்த கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் முதற் சுற்றிலேயே நான்குக்குப் பூஜ்யம் என்று வீட்டுக்கு அனுப்பியது. 2023-இல் 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் பெற்று, லீகின் சரித்திரத்திலேயே காணாத சாதனை படைத்த பாஸ்டன் புரூயின்ஸ், அதே போலக் கடைசியாக வந்த ஃபுளோரிடா பாந்தர்ஸிடம் மூன்றுக்கு ஒன்று என்று முந்தியிருந்தும், ஏழாவது ஆட்டத்தின் ஓவர்டைமில் தோற்றது. இவ்விரண்டு அதிசயங்களிலும் ஒரே மனிதர் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 2019-இல் கொலம்பஸின் கோல்காப்பாளர் செர்கேய் பாப்ரோவ்ஸ்கி. 2023-இல் தொடரின் நடுவில் ஃபுளோரிடாவின் கோலுக்கு முன் வந்து, பின்னடைவிலிருந்து அந்த அணி எழுந்த மூன்று ஆட்டங்களிலும் நின்றவரும் அவரே. பின்னர் 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அவர் கோப்பையைக் கையில் ஏந்தினார்.

ஆகவே, ஆரூடத்தின் ஆதாரம் கோல்காப்பாளர் என்பது என் சித்தாந்தம். ஓர் ஆட்டத்தில் பக்கத்துக்குச் சுமார் 30 அடிகள் கோலை நோக்கி வருகின்றன. இரு தரப்பும் சேர்ந்து போடும் கோல்களோ ஏறக்குறைய ஆறுதான். காப்பாளர் கூடுதலாகத் தடுக்கும் ஒன்றிரண்டு அடிகளே வெற்றி தோல்வியை நிர்ணயித்துவிடும். 1971-இல், மெக்கில் சர்வகலாசாலையில் சட்டம் படித்துக்கொண்டிருந்த கென் டிரைடன், அதற்கு முன் லீகில் ஆறே ஆட்டங்கள் ஆடியிருந்த நிலையில், மாண்ட்ரியால் கனேடியன்ஸின் கோலில் நிறுத்தப்பட்டு, அன்றைய தேதியில் யாராலும் வெல்ல முடியாதது என்று கருதப்பட்ட பாஸ்டனை முதற் சுற்றில் வீழ்த்தி, கோப்பையையும் பெற்றுத் தந்தார். எந்த அட்டவணையிலிருந்தும் அதை அனுமானித்திருக்க முடியாது. முதல் இரண்டு ஆட்டங்களில் வட்டைவிட்டுக் காப்பாளரையே பார்த்துக்கொண்டிருங்கள். அடி விழுமுன்பே நிலைகொண்டு நிற்கிறாரா, நகர்ந்துகொண்டே தடுக்கிறாரா. தடுத்த வட்டு அவருடைய காற்கவசத்தில் பட்டுக் கோலுக்கு முன்னாலேயே விழுகிறதா, ஓரத்துக்கு ஒதுக்கப்படுகிறதா. எதிரிகள் கண்ணை மறைத்து நிற்கும்போது நிதானம் தவறாமல் எட்டிப் பார்க்கிறாரா என்று கவனித்தால், நீங்கள் எழுதிய காரணம் நிற்குமா விழுமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சொந்தத் தளத்தின் அனுகூலத்தையும் காரணங்களில் சேர்க்கலாம். ரசிகர்களின் கூச்சலுக்காக அல்ல. ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது விருந்தாளி அணி முதலில் ஆட்டக்காரர்களை இறக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஆளை மாற்றும் உரிமை சொந்த ஊர் அணிக்கு உண்டு. எதிரியின் தலைசிறந்த தாக்குதல்காரர் மீது தம் தடுப்பில் வல்லவரை ஏவும் வசதி பயிற்சியாளருக்கு அதனால் கிடைக்கிறது. அதே நட்சத்திர வீரர் தம் ஊருக்குத் திரும்பியதும் அந்தக் காவலிலிருந்து விடுபட்டு ஆடுவதைக் காண்பது தனி ஆனந்தம்.

பிளே-ஆஃபில் ஸ்கோர் சமமானால், பக்கத்துக்கு ஐந்து வீரர்களும் காப்பாளருமாக, 20 நிமிஷப் பகுதிகளாக, ஒரு கோல் விழும் வரையில் ஆடியே தீர வேண்டும். 1936 மார்ச் 24 இரவு மாண்ட்ரியாலில் மரூன்ஸ் அணியும் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் தொடங்கிய ஆட்டம், ஆறாவது ஓவர்டைமில், கூடுதலாக 116 நிமிஷம் 30 வினாடி சென்றபின், மறுநாள் பின்னிரவில் டெட்ராய்ட்டின் மட் புருனட்டோ அடித்த ஒரே கோலால் முடிந்தது. இத்தகைய வேளையில் யாருக்குக் களைப்பு என்று பார்ப்பதுதான் ரசனை. ஆட்டக்காரர் ஒரு முறை இறங்கினால் முக்கால் நிமிஷம் அளவே ஆடிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்புவார். முதல் ஓவர்டைமில் பக்கங்கள் மாறுவதால், தம் கோலைக் காத்து நிற்பவர்களுக்குப் பெஞ்ச் தொலைவாகிவிடும். அங்கே சிக்கிக்கொண்ட ஐவர் மாற முடியாமல் திணறும் அந்தச் சில வினாடிகளில்தான் பெரும்பாலும் ஆபத்து வருகிறது.

எழுதியதை எப்போது கைவிடலாம்? மூன்று ஆட்டங்களை வரிசையாக இழந்த பின் தொடரை வென்ற அணிகள் நான்கே: 1942-இல் இறுதிச் சுற்றிலேயே டொரான்டோ, 1975-இல் நியூயார்க் ஐலண்டர்ஸ், 2010-இல் பிலடெல்ஃபியா, 2014-இல் லாஸ் ஏஞ்சலிஸ். 2024-இன் இறுதிச் சுற்றில் எட்மன்டன் மூன்றை இழந்து, மூன்றை வென்று, ஏழாவதை ஒரே கோல் வித்தியாசத்தில் நழுவவிட்டது. ஆதலால் மூன்றாவது தோல்வி வரை பொறுத்திருந்து, பிறகு கோடு போட்டுவிடலாம்.

பிளே-ஆஃபின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு 1965 முதல் அளிக்கப்படும் கான் ஸ்மைத் பரிசு யாருக்கு என்பதையும் எழுதுங்கள். ஆனால் அதைக் கோப்பை வெல்லும் அணியோடு கட்டிவிடாதீர்கள். 2024-இல் அது தோற்ற எட்மன்டனின் கானர் மெக்டேவிடுக்குக் கிடைத்தது. தோற்ற அணியிலிருந்து அதைப் பெற்றவர்கள் அவரோடு சேர்த்து ஆறு பேர். அவர்களுள் நால்வர் கோல்காப்பாளர்கள்.