மகரக்கட்டு உடைந்த பிறகு

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி வடக்கே பேசின் பிரிட்ஜ் பக்கமாகப் போகும் வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை என்றொரு நாடகக் கொட்டகை இருந்தது. வெளியூர்க் கம்பெனிகள் சீன் துணிகளும் பெட்டிகளுமாகச் சென்னைக்கு வந்து அங்கே முகாம் போட்டு நாடகம் நடத்தின. அவற்றில் பல, சிறுவர்களே எல்லா வேடமும் கட்டிய பாலர் சபைகள். மக்கள் வாயில் பாய்ஸ் கம்பெனிகள். பிள்ளைகளுக்குப் பாட்டையும் நடிப்பையும் சேர்த்துச் சொல்லித்தரும் வகுப்பு என்றதும் இன்று கோடைக்கால முகாம்தான் நினைவுக்கு வருகிறது. நூறாண்டுக்கு முன் அது முழுநேரத் தொழில்.

பாலர் சபைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து சினிமாவுக்குப் போனவர்களின் பெயர்களைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் இந்தத் துறையை எடைபோட வேறொரு கேள்வி வேண்டும். பாடிக்கொண்டிருந்த பையனுக்கு மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும் அவனிடம் என்ன மிஞ்சியது?

கம்பெனி வீடு

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நடத்தத் தொடங்கினார். பெரியவர்கள் நடித்த கம்பெனிகளில் கட்டுப்பாடு குலைந்து போனதே பையன்களை நோக்கித் திரும்பக் காரணம் என்பார்கள். பெண் வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் நடிகரான கண்ணுசாமிப் பிள்ளையின் மகன்கள் 1918இலேயே அந்த மதுரைச் சபையில் சேர்ந்தார்கள். அவர்களில் டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அவரை மனத்தில் வைத்துச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்த கதையைச் சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் சொல்லியிருக்கிறார். 1925இல் அந்தச் சகோதரர்கள் தங்களுக்கென்று பால சண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபா, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழு ஆகியவையும் இதே வழியில் நடந்தவை.

பையன்கள் கம்பெனி வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கிப் பாடம் படித்தார்கள். வாத்தியார் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பார். அதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். பாட்டு, விருத்தம், வசனம் மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும். அடியும் அந்தப் பாடத்தில் அடக்கம் என்பதை அங்கே வளர்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகள் மறைக்கவில்லை. பள்ளிக்கூடம் அநேகமாக அத்தோடு முடிந்துபோனது.

இத்தனை ஏற்பாட்டுக்கும் அச்சாணி பையனின் தொண்டை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்க, மேல்ஸ்தாயியில் பாட வேண்டும். நாலரை, ஐந்து கட்டைச் சுருதியைச் சிறுவர்களால் எட்ட முடிந்தது. நாயக வேடமான ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் ஒரே குரலே பொருந்தியது. ஆகவே பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைந்தால் கம்பெனிக்கு முதல் போய்விட்டது என்று பொருள். ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்த பி.யு. சின்னப்பா குரல் உடைந்ததும் அங்கிருந்து விலகி, சிலம்பத்திலும் உடற்பயிற்சியிலும் இறங்கினார். பிறகு சினிமாவில் பாடகராகவே மீண்டும் எழுந்தார். எல்லாருக்கும் குரல் அப்படித் திரும்பி வராது.

அப்படி வராதவர்களுக்கு வழிவிட்டது தொழில்நுட்பம். தமிழில் பின்னணிக் குரல் முதலில் பயன்பட்ட படம் 1938இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த ‘நந்தகுமார்’. அதன் பிறகு நடிக்கிறவர் பாடித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் மெல்லத் தளர்ந்தது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள். திரையில் இருவருக்கும் டி.எம். சௌந்தரராஜன் பாடினார். 1952இல் ‘பராசக்தி’யின் நீண்ட வசனங்களை மூச்சு முறியாமல் சிவாஜி பேசியது கம்பெனி வீட்டுப் பாடம். ஆக, பயிற்சியில் பாட்டு போனாலும் நினைவாற்றலும் உச்சரிப்பும் உடலும் தங்கின. ஆனால் அவற்றுக்கு விலை கொடுக்க சினிமா வந்தது தற்செயல். சினிமா கூப்பிடாத பையன்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை.

பள்ளியோடு சேர்ந்த கூத்து

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசன்தாங்கலில் நடந்த கட்டைக்கூத்துக் குருகுலம், பாலர் சபையில் படிப்பு நின்றுபோன குறையைத் தெரிந்தே நிரப்பப் பார்த்தது. அதை அமைத்த பி. ராஜகோபால், கூத்துக்காகச் சிறுவயதிலேயே படிப்பை விட்டவர். அவரும் நெதர்லாந்து ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூனும் கட்டைக்கூத்துச் சங்கத்தோடு சேர்ந்து 2002இல் தொடங்கிய குருகுலத்தில், பிள்ளைகள் கூத்தோடு முறையான பள்ளிப் படிப்பும் படித்தார்கள். ஆண்களே ஆடிவந்த கலையில் பெண்பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். 2020இல் அது மூடப்படும்வரை அங்கே கற்றவர்களுக்கு ஒப்பனையும் வாத்தியமும் தெரியும். ஆடாத இரவில் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கலாம், பின்பாட்டுப் பாடலாம். கூத்தில் ஒருவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவதால், பாட்டின் பாரம் ஒரே தொண்டையில் விழுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’, சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற சிறுவர் நாடகங்களும் பாட்டைக் கூட்டத்தின் கையில் கொடுத்தவை. இலங்கையில் நாடகமும் அரங்கியலும் பொதுத் தேர்வுக்குரிய பாடமாகவும் இருப்பதால், அங்கே குரல் உடைந்த மாணவன் வகுப்பைவிட்டு வெளியேற வேண்டியதில்லை.

பாட்டையே பிள்ளையின் குரலுக்கு ஏற்ப மாற்றுவது இன்னொரு வழி. அமெரிக்காவில் பிராட்வே இசை நாடகங்களைச் சிறுவர்களுக்கென்று சுமார் ஒரு மணி நேரமாகச் சுருக்கி, பாட்டின் சுருதியையும் அவர்கள் குரலுக்கு ஏற்ப மாற்றி உரிமத்தோடு தருகிறார்கள். பிள்ளைக்கேற்பப் பாட்டை வெட்டும் இந்த வழக்கம் பாய்ஸ் கம்பெனி முறைக்கு நேர் எதிரானது. தமிழ்ச் சூழலிலும் சிறுவர் அரங்கு வேறு வடிவங்களில் உண்டு. சென்னையில் ஆயிஷா ராவின் லிட்டில் தியேட்டர் ஆங்கிலத்தில் கிறிஸ்துமஸ் பாண்டோமைம்களை அரங்கேற்றிவருகிறது. புதுச்சேரியின் வேலு சரவணன் ‘கடல் பூதம்’ போன்ற நாடகங்களோடு ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போகிறார்.

இப்போது, இங்கே

பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு அரசு வழியில் கிடைப்பவை இரண்டு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் ஐந்து முதல் பதினாறு வயது வரை குரலிசை, நடனம், ஓவியம் கற்றுத்தருகின்றன. 2022–23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா பாட்டுக்கும் நாடகத்துக்கும் பரிசு தருகிறது. இரண்டும் தேவைதான். ஆனால் மன்றத்தில் பாட்டு ஒரு வகுப்பு, நடனம் இன்னொரு வகுப்பு. திருவிழா ஏற்கெனவே நன்றாகப் பாடுகிற பிள்ளையைத் தேடிப் பொறுக்குகிறது. பாலர் சபை செய்த தேர்வும் அதுதான்.

இந்தப் பகுதியில் ஒரு வகுப்பு நடத்துகிறவருக்குக் கைக்கெட்டும் பொருள் கானா. கேலி, ஒப்பாரி, ஊர்ச்செய்தி எல்லாம் அதில் பாட்டாகும். அதற்கு ஐந்து கட்டைச் சுருதி வேண்டாம். தாளத்தில் சொல்லை நிறுத்தத் தெரிந்தால் கரகரத்த குரலும் எடுபடும். சாவு வீட்டுப் பாட்டு என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். அதை நாடகத்தின் பேச்சாக மாற்றிக் காட்டுவது வாத்தியாரின் திறமை. ஒரு பிள்ளைக்கே முழுப்பாட்டையும் கொடுக்காமல் கூத்துபோலப் பின்பாட்டுக் குழு வைப்பதும், ஒவ்வொரு நாடகத்திலும் வேடத்தையும் வாத்தியத்தையும் மாற்றிக் கொடுப்பதும் பணம் கேட்காத சீர்திருத்தங்கள். குரல் உடையும் வயதில் பையனைச் சில மாதம் மேல்ஸ்தாயிக்கு இழுக்காமல், தோலக்கோ வசனமோ கொடுத்து வைத்திருக்கலாம்.

இத்தகைய வகுப்புகளை நாம் ஆண்டுவிழா மேடையை வைத்து அளக்கிறோம். பத்து வயதுப் பிள்ளை இனிமையாகப் பாடுவதில் வாத்தியாரைவிட வயதுக்கே பங்கு அதிகம். அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது வருகைப் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால், வகுப்பு நடத்தியவரின் பங்கு தெரிந்துவிடும்.