கண்ணால் வேட்டையாடும் நாய்

நம் கதைகளில் ஒரு நாய் வந்துவிட்டால், அது என்ன செய்யும் என்பது வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வாலை ஆட்டும், எஜமானின் செருப்பை மோந்து பார்க்கும், அவர் இறந்த பிறகு பட்டினி கிடந்து, கடைசிப் பாராவில் தானும் உயிரை விடும். தெரு நாயானாலும் சரி, சீமை நாயானாலும் சரி, எல்லாம் ஒரே நாய்தான். மனிதப் பாத்திரங்களை இந்த லட்சணத்தில் எழுதினால் நம்மைச் சும்மா விடுவார்களா?

அண்மையில் படித்த ஒரு கதையில், சிப்பிப்பாறை நாய் ஒன்று மண்ணை மோந்துகொண்டே மூன்று மைல் போய்த் திருடனைப் பிடிக்கிறது. ஆசிரியர் பெயர் வேண்டாம். நன்றாக எழுதக் கூடியவர். சிப்பிப்பாறைக்கும் மூக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் வேட்டை மூக்கில் தொடங்குவதில்லை. கண்ணில் தொடங்குகிறது. சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்து முதோள், வெளிநாட்டுக் கிரேஹவுண்டு எல்லாம் இந்த வர்க்கந்தான்.

அந்த உடம்பைக் கவனித்தவர்கள் இப்படி எழுத மாட்டார்கள். நீண்டு ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, இல்லையோ என்று ஐயுறத்தக்க இடை. நாயின் முகம் நீளமானால் விழித்திரையிலுள்ள நரம்பணுக்களும் குறுக்கே ஒரு பட்டையாகப் பரவியிருக்கும். குட்டை முகமானால் அவை நடுவில் குவிந்துவிடும். சிட்னி பல்கலைக்கழகத்தார் 2004இல் இதை எழுதினார்கள். அடிவானத்தைப் பார்ப்பதற்கென்றே அமைந்த கண் என்று சொல்லலாம். ஓட்டமோ இன்னும் விசேஷம். குதிரையின் நாலு காலும் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு முறைதான் தரையை விடும். இந்த நாய்க்கு இரண்டு முறை. உடல் வில்லாய் வளைந்து கால்கள் வயிற்றடியில் சேரும்போது ஒன்று, நீட்டி விரியும்போது மற்றொன்று. கிரேஹவுண்டு மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

இப்படி ஓடுகிற பிராணி, முயல் திரும்பும் கணத்தில் எஜமானைத் திரும்பிப் பார்த்து உத்தரவு கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? தானே தீர்மானிக்க வேண்டும். அதைத்தான் நாம் ஒட்டாத குணம் என்கிறோம். சிலர் அசட்டுத்தனம் என்றும் சொல்கிறார்கள்.

தொரப்பள்ளியில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் சொன்னார். ராஜாஜி 1878இல் பிறந்த அதே ஊர்தான். பக்கத்து ஓசூர் ஆலைகளின் லாரிகள் ஓய்வதில்லை. ஓடும் எதையும் துரத்துகிற நாயை அங்கே அவிழ்த்துவிட்டால் அன்றே போய்விடும். ஆகவே மொட்டை மாடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்.

"மக்கு சார் இது. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பறதில்லை" என்றார்.

நாய் பார்த்துக்கொண்டிருந்த திக்கில் நானும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெகு நேரம் கழித்து, கேழ்வரகுக் கொல்லையின் கோடியில் ஒரு மயில் எழுந்து பறந்தது. நாயின் முதுகுத் தோல் ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபின் முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. நியாயமான சட்டம். ஆனால் தொழில் போன பிறகும் கண் போகவில்லையே! நிலமிழந்த விவசாயியைப் பற்றி நாம் எத்தனை கதை எழுதினோம்? இந்தக் கண்ணைப் பற்றி ஒன்று கூட என் பார்வையில் படவில்லை. எழுதப் புகுந்தவர்களும் அதற்கு மூக்கைத்தான் கொடுக்கிறார்கள்.

எழுதத் தெரிந்த ஒருவன் ஆயிரம் வருஷத்துக்கு முன் இருந்தான். தொரப்பள்ளியிலிருந்து பெங்களூர் தூரமில்லை. அங்கே கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல் இருக்கிறது. ஒரு நாயும் காட்டுப் பன்றியும் மோதுகிற சிற்பம். சுற்றிலும் பழங்கன்னட எழுத்து. 949இல் தக்கோலப் போரில் நம் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட செய்தியைச் சொல்லும் கல்லும் அதுதான். அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற வீரன் மணலேரனை, வேண்டியதைக் கேள் என்றான் அரசன். அவன் கேட்டது காளி என்ற நாயை. பின்னர் அதைப் பெரும் பன்றி ஒன்றின்மேல் ஏவினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன.

காளி என்ன ஜாதி என்று கல் சொல்லவில்லை. நானும் உரிமை கொண்டாடப் போவதில்லை. எனக்குப் பிடித்தது அந்த எழுத்தின் கண்டிப்பு. நாய் நன்றியுள்ளது என்றோ, எஜமானை நேசித்தது என்றோ அதில் ஒரு வார்த்தை இல்லை. அது செய்த வேலை மட்டுமே இருக்கிறது. ஒரு ராஜகுமாரனின் சாவும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில், யாருக்கும் கூச்சமில்லாமல்.

கல்லைக் கோயில் முன் நட்டு, நிலமும் விட்டு, பூஜைக்கும் ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பூஜையை முடிக்காமல் பூசாரி சாப்பிட உட்காரக் கூடாதாம். உட்கார்ந்தால் பாவம் வந்து சேரும் என்று எழுதியிருக்கிறது.