திறனாய்வாளரும் வினாவும்: பரத்வாஜ் ரங்கனின் திரைத் திறனாய்வு குறித்து ஓர் ஆய்வு

1. கல்வெட்டுக் கூறும் தகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தே, 919, 921 ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விளக்குவன என்பது யாவரும் அறிந்த செய்தி. முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பெற்ற அவ்வூர், ஆண்டுதோறும் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியராயினர். நிலமும் மனையும் கல்வியும் வேண்டும் எனக் கூறுவதோடு அக்கல்வெட்டு அமையவில்லை. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரும், அவர்தம் உறவினரும் தேர்தற்குரியர் அல்லர் என விலக்குகின்றது. அண்மை ஆண்டுகளில் வாரியஞ் செய்தாரையும் விலக்கிப் பதவி ஒருவரிடத்தே தங்காமற் காக்கின்றது.

ஊர்ப் பொதுப்பணிக்கு வகுத்த இவ்விலக்கணத்தை நூலாராய்ச்சிக்கும் கலையாராய்ச்சிக்கும் பொருத்திப் பார்த்தல் தகும். திறனாய்வாளனும் பலர் பொருட்டு ஒன்றன் தகுதியைத் தேர்ந்து உரைப்பவன் அன்றோ? அவன் காட்டவேண்டிய கணக்கு யாது? அவன் யாருக்கு உறவினனாதல் ஆகாது? இவ்விரு வினாக்களும், திரைப்படத் திறனாய்வாளர் ஒருவரே படைப்பாளரை எதிரே இருத்தி உரையாடும் நிகழ்ச்சித் தலைவராகவும் விளங்கும் இந்நாளில், முன்னினும் கூர்மை பெற்றுள்ளன. இதே மாவட்டத்து ராஜகுளம் போன்ற சிற்றூரில் வாழும் ஒருவர், காஞ்சிபுரத்துத் திரையரங்கிற்குப் புறப்படு முன்னரே, கைப்பேசி வழியாகத் திறனாய்வாளரின் தீர்ப்பைக் கேட்டுவிடுகின்றார். நுழைவுச் சீட்டுக்கும் பேருந்துக்கும் அவர் செலவிடும் பொருள் அத்தீர்ப்பைப் பொறுத்தும் அமைகின்றது. ஆதலின் இஃது எளிய செய்தி அன்று.

2. முன்னோர் நிலை

திறனாய்வும் திரைத்தொழிலும் ஒரு கூரையின்கீழ் வாழ்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் இசையையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் மதிப்பிட்டவர் கல்கி. நகைச்சுவையும் அஞ்சாமையும் அவர்தம் திறனாய்வின் இயல்புகள். அவரே 1939 இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாக பூமி’க்குக் கதை தந்தார்; அக்கதை திரைப்படக் காட்சிகளின் நிழற்படங்களோடு அதே இதழில் தொடராக வெளிவந்தது. இதழின் உரிமையாளராகிய எஸ். எஸ். வாசன் ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தை நிறுவி, 1948 இல் ‘சந்திரலேகா’வை வெளியிட்டார். படம் எடுப்போரும் படத்தை மதிப்பிடுவோரும் இவ்வாறு ஒரு மனையில் வாழ்ந்தனர். எனினும் அவ்விதழ் பிற்காலத்தே படங்களுக்கு மதிப்பெண் வழங்கும் வழக்கத்தைக் கைக்கொண்டு, அதனாற் பெயரும் பெற்றது. 1977 இல் வந்த ‘16 வயதினிலே’ பெற்ற 62.5 மதிப்பெண்ணை இன்றும் நினைவு கூர்வர்.

இவற்றால் அறியத்தகுவது யாது? உறவு இருத்தல் ஒன்றே குற்றமாகாது. உறவை மறைத்தலும், தீர்ப்புக்குக் காரணம் காட்டாமையுமே குற்றமாம் என்பதே. எண்ணால் அமைந்த மதிப்பெண் தீர்ப்பைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணத்தைச் சொல்லுதலே திறனாய்வாளன் காட்டும் கணக்கு என்க.

3. ரங்கன் வந்த வழி

பரத்வாஜ் ரங்கன் பிலானியில் வேதிப் பொறியியல் பயின்றவர். எழுத்தின்மேற் கொண்ட பற்றினால் செய்தித்தாள் துறை புகுந்து, ‘நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழின் ஞாயிற்றுப் பதிப்பிலும், பின்னர் ‘தி இந்து’ நாளிதழிலும் ஆங்கிலத்தில் திரைத் திறனாய்வு எழுதினார். 2005 ஆம் ஆண்டிற்குரிய சிறந்த திரைத் திறனாய்வாளர் என்னும் தேசிய விருது அவருக்கு வழங்கப்பெற்றது. 2012 இல் இயக்குநர் மணிரத்னத்தோடு அவர் நிகழ்த்திய உரையாடல்கள் பெங்குவின் பதிப்பகத்தால் நூலாக்கப்பெற்றன. 2014 இல் அவருடைய கட்டுரைத் தொகுதி ஒன்றும் வெளிவந்தது. சென்னை ஆசிய இதழியல் கல்லூரியில் திரைத் திறனாய்வைக் கற்பித்தும் உள்ளார். பின்னர் அச்சிதழை விட்டு, ‘பிலிம் கம்பானியன்’ நிறுவனத்தின் தென்னிந்தியப் பிரிவிலும், அதன்பின் ‘கலாட்டா பிளஸ்’ என்னும் இணையத் தளத்திலும் பணி மேற்கொண்டு, காட்சியுரையாகத் திறனாய்வும், இயக்குநர், நடிகர், ஒளிப்பதிவாளர் முதலியோரோடு நெடிய உரையாடலும் நிகழ்த்தலானார்.

இவ்வழியில் இரு மாற்றங்கள் உள. ஒன்று, எழுத்திலிருந்து பேச்சுக்கு வந்தமை. மற்றொன்று, படைப்பாளன் இல்லாவிடத்துத் தீர்ப்புரைத்த ஒருவர், படைப்பாளன் எதிரில் அமர்ந்து வினவுபவராயினமை. முன்னதினும் பின்னதே ஆராய்தற்குரியது. தீர்ப்பு வினாவாக மாறுமிடத்துத் திறனாய்வு அழிகின்றதா, வளர்கின்றதா என்பதே நம் வினா.

4. அறுவகை வினாவும் உரையாடலும்

வினாவின் இயல்பை நம் இலக்கணநூலார் நுணுகி ஆராய்ந்துள்ளனர். நன்னூலார் அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகைப்படுத்துவர். பொதுவியலில் வகுத்த இப்பாகுபாடு இன்றைய உரையாடல் நிகழ்ச்சிகளை அளத்தற்கும் ஏற்ற கோலாகின்றது.

வணிகனிடம் பயறு உள்ளதா எனக் கேட்டல் கொளல்வினா. அடுத்த படம் யாது, அதில் நடிப்பவர் யாவர் எனச் செய்தி ஒன்றையே நாடி வினவுவோர் கேட்பது இவ்வகையது. இல்லாதவனுக்கு ஆடை இல்லையோ என, ஒன்றைக் கொடுத்தற்பொருட்டுக் கேட்டல் கொடைவினா. இத்துணைச் சிறந்த படத்தை எவ்வாறு எடுத்தீர் எனக் கேட்பவர் வினவவில்லை, புகழைக் கொடுக்கின்றார். இன்னும் பார்க்கவில்லையா எனக் கேட்பவரைத் திரையரங்கிற்கு ஏவுவது ஏவல்வினா. இம்மூன்றும் விளம்பரத்தின் பாற்பட்டன. அறியாவினா சுவைஞனுக்கு உரியது. அதனை இழிவெனல் ஆகாது. அறிவினா, பொருளறிந்த ஆசிரியன் மாணாக்கனைச் சோதித்தற்குக் கேட்பது. திறனாய்வாளன் படைப்பாளனை அவ்வாறு வினவுவானாயின் உரையாடல் தேர்வுக்கூடமாகிவிடும்.

எஞ்சி நிற்பது ஐயவினா. தொலைவில் தோன்றுவது குற்றியோ மகனோ என ஐயுறுதல் அதற்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. இவ்வினா கண்டவனுக்கே எழும். காணாதவனுக்கு ஐயம் இல்லை. அரைகுறையாகக் கண்டு துணிந்தவனுக்கும் ஐயம் இல்லை. ஒரு காட்சியை உற்றுநோக்கி, இது இப்பொருளதோ, அப்பொருளதோ என இரு பொருளைத் தாமே கண்டு முன்வைப்பவரே ஐயவினா கேட்க வல்லவர். ஆதலின் ஐயவினாவே திறனாய்வாளனுக்கு உரிய வினா என்பது எம் துணிபு.

மணிரத்னம் உரையாடல் நூல் இதற்குத் தக்க சான்று. 1983 இல் கன்னடத்தில் வந்த ‘பல்லவி அனு பல்லவி’ தொடங்கி 2010 இன் ‘ராவணன்’ வரை, படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அந்நூல் செல்கின்றது. ரங்கன் வினவுமுன் தாம் கண்டதைக் கூறுகின்றார். ஒளி, காட்சியமைப்பு, பாடல் நிற்குமிடம் ஆகியவற்றிற்குத் தாம் கொண்ட பொருளை முன்வைக்கின்றார். இயக்குநர் சிலவற்றை ஏற்கின்றார், சிலவற்றை மறுக்கின்றார், நுட்பம் எனக் கருதப்பட்டதைத் தொழில் நடைமுறை என விளக்குதலும் உண்டு. மறுப்பையும் நீக்காது அச்சிட்டமை நூலின் சிறப்பு. தம் பொருள் மறுக்கப்பட்டமையைத் தாமே வெளியிடுதல் கணக்குக் காட்டுதலின் உயர்ந்த வடிவம் அன்றோ? பிரெஞ்சு நாட்டுத் திறனாய்வாளரும் இயக்குநருமான பிரான்சுவா துருஃபோ 1962 இல் ஆல்பிரட் ஹிட்ச்காக்கோடு நிகழ்த்தி 1966 இல் நூலாக்கிய உரையாடலும் இவ்வாறு படந்தோறும் சென்றது. தமிழ்த் திரைப்பட இயக்குநர் ஒருவருக்கு அத்தகைய நூல் அமைந்தமை பாராட்டற்குரியது.

5. விடையின் வகையும் வினவுவோர் கடனும்

விடையையும் நன்னூலார் எண்வகைப்படுத்துவர். அவற்றுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரே விடையாவன. ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையைத் தருவன. ஆடுவாயோ எனக் கேட்டார்க்குப் பாடுவேன் என்றல் இனமொழி விடை. பெண் பாத்திரத்திற்கு ஏன் தனி வாழ்வு அமையவில்லை என்று கேட்டால், படப்பிடிப்பில் மழை பெய்த வரலாற்றை இயக்குநர் கூறலாம். அவ்விடத்து நிகழ்ச்சித் தலைவர் மழையைப் பற்றி மேலும் கேட்பாராயின் உரையாடல் இனிதாகும், திறனாய்வு நின்றுவிடும். மீண்டும் பாத்திரத்தை நோக்கித் திரும்பின் உரையாடலில் சிறிது இறுக்கம் தோன்றும், திறனாய்வு நிலைபெறும்.

அச்சு நூலில் உரையாடலைச் செப்பம் செய்ய நாளும் திங்களும் உண்டு. இணைய நிகழ்ச்சியோ பெரும்பாலும் படவெளியீட்டை ஒட்டி அமைவது. விருந்தினர் தம் படத்தைப் பலரறியச் செய்ய வந்தவர். வினவுபவர் அதே படத்திற்குத் தீர்ப்புரைக்கப் போகின்றவர். இந்நிலையில் வினாக்கள் கொடைவினாவாக மெலிதல் எளிது. ரங்கனுக்கு மட்டுமன்று, இவ்விரு பணியையும் ஏற்கும் எவர்க்கும் இவ்விடர் உண்டு. உரையாடலுக்குப் பின்னரும் அதே படத்தின் குறையைக் காரணத்தோடு கூற இயலுமா என்பதே அவர்தம் நடுவுநிலைமைக்கு உரைகல்.

6. மொழி பற்றிய ஒரு குறை

தமிழ்த்துறை ஆய்வாளர் கூறாது விடலாகாத குறை ஒன்று உண்டு. தமிழ்ப் படங்களைப் பற்றிய நுண்ணிய திறனாய்வில் ஒரு பகுதி ஆங்கிலத்திலேயே எழுதப்பெற்றுள்ளது. ரங்கனின் நூல்கள் ஆங்கிலத்தன. அவர்தம் உரையாடல்களில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வருகின்றன. நிகழ்வைத் தமிழிலும் கருத்தை ஆங்கிலத்திலும் கூறும் வழக்கு அவற்றில் மிகுதி. கதை கூறத் தமிழ் போதும், ஆராய ஆங்கிலம் வேண்டும் என்னும் எண்ணம் இதனாற் கேட்போர் உள்ளத்திற் பதியக்கூடும்.

இதற்கு மறுதலையாக நிற்பவர் ‘தமிழ் டாக்கீஸ்’ இணைய நிகழ்ச்சியின் வாயிலாகப் பெயர்பெற்ற ‘புளூ சட்டை’ மாறன். முற்றும் பேச்சுத்தமிழில் எள்ளலோடு தீர்ப்புரைக்கும் அவர், ஆங்கிலத் திறனாய்வு செல்லாத ஊர்களுக்கும் சென்றவர். நகை முந்துமிடத்துக் காரணம் பிந்துதல் அவர்தம் முறையின் குறை. எனினும் 2021 இல் ‘ஆன்டி இண்டியன்’ என்னும் படத்தைத் தாமே இயக்கி, மதிப்பிடப்படுவோர் வரிசையிலும் நின்றார். ஒருவரிடம் காரணம் உண்டு, தமிழ் குறைவு. மற்றொருவரிடம் தமிழ் உண்டு, காரணம் குறைவு எனச் சுருங்கக் கூறலாம். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த உரையாடலே ராஜகுளத்தாருக்கு வேண்டுவது. சட்டகம், அண்மைக் காட்சி, படத்தொகுப்பு, பின்னணி இசை முதலிய சொற்கள் தமிழில் வழக்கில் உள்ளன. இல்லாதது சொல் அன்று. அதனை ஆளும் பயிற்சியே.

7. இன்றைய வழக்கும் முடிபும்

2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ‘வேட்டையன்’, ‘கங்குவா’ முதலிய பெரும்படங்கள் வெளிவந்தபின், தோல்விக்கு இணையத் திறனாய்வாளரே காரணம் என்னும் குரல் எழுந்தது. திரையரங்க வளாகத்துள் முதற் காட்சிப் பார்வையாளரின் கருத்தைப் படம்பிடிக்க இடந்தரலாகாது எனத் தயாரிப்பாளர் சங்கம் வேண்டியது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்குத் திறனாய்வைத் தடுக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தையும் அணுகியது. அவ்வாண்டு டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது.

தடையை யாமும் விரும்பேம். மூன்று நாட்கள் வாய்திறவாதிருந்த தீர்ப்பு நான்காம் நாள் நேர்மையுடையதாகிவிடாது. காரணமற்ற பழிப்பிற்கு மருந்து காரணத்தோடு கூடிய திறனாய்வே. ஆயின் அதனைத் தரவல்லோர் படைப்பாளரின் விருந்தினராகவோ, படைப்பாளரை விருந்தோம்புவோராகவோ மட்டும் அமைந்துவிட்டால், காரணங்கூறுவோர் இடம் வெறுமையாகும். அவ்வெறுமையை எள்ளலும் விளம்பரமும் பகிர்ந்துகொள்ளும்.

பரத்வாஜ் ரங்கனின் பணி, திறனாய்வாளன் உரையாடல் நிகழ்த்தலாம், நிகழ்த்தியும் திறனாய்வாளனாகவே நிற்கலாம் என்பதற்குச் சான்றாகின்றது. அதற்கு மூன்று வேண்டும். படத்தை முன்னரே உற்றுநோக்கிப் பெற்ற ஐயத்தோடு வினவுதல் ஒன்று. மறுப்பையும் மறையாது வெளியிடுதல் இரண்டு. உரையாடலின் இனிமை தீர்ப்பைத் தொடாவாறு காரணங்காட்டிக் குறை கூறுதல் மூன்று. நான்காவதாகத் தமிழில் அவற்றைச் செய்தல் என்பதையும் யாம் சேர்ப்போம். கணக்குக் காட்டாதவரை மீண்டும் குடத்திலிடும் ஓலையில் எழுதவேண்டா என்று பதினொரு நூற்றாண்டுகட்கு முன்னரே உத்திரமேரூர்ச் சபையார் கல்லிற் பொறித்தனர். இன்றைய கேட்போர் கையில் குடவோலை இல்லை, கைப்பேசி உண்டு. எவர்தம் தீர்ப்பை நாளையும் கேட்பது என்னும் தேர்வு அவர்களுடையதே. அத்தேர்வுக்கும் இதுவே அளவுகோலாதல் வேண்டும்.