நான்கு எட்டு

1943-இல் மாயா டெரனும் கணவர் அலெக்சாண்டர் ஹமிடும் லாஸ் ஏஞ்சலிஸில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே எடுத்த குறும்படம் ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’. சுமார் 14 நிமிடம்; வசனமே கிடையாது. 16 எம்.எம். கேமரா, நடிக்க அவர்கள் இருவர், ஒரு சாவி, ரொட்டி வெட்டும் கத்தி, ஒரு பூ.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரே பெண் மூன்று பேராக உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தி கத்தியோடு எழுகிறாள், தூங்கும் தன்னையே குத்த. அவள் எடுத்துவைக்கும் ஓர் எட்டு மணலில், அடுத்தது புல்லில், பிறகு நடைபாதையில், கடைசி எட்டு வீட்டுக் கம்பளத்தில். வெறும் வெட்டி ஒட்டல்தான். வீட்டைவிட்டு ஓடும் மனம் எத்தனை தூரம் போய் அதே அறைக்குத் திரும்புகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. எலியனோரா என்ற பெயரை மாயா என்று மாற்றிக்கொண்டவர் அவர். அந்தச் சொல்லை நமக்கு விளக்கவா வேண்டும்?

கையில் காசில்லை என்று படம் எடுப்பதைத் தள்ளிப்போடுகிறவர்கள், இதை ஒருமுறை பாருங்கள்.