சிகாகோ பனியில் அலங்காநல்லூர் அடி

ஜனவரி மாதம். சிகாகோ புறநகரில் ஒரு பள்ளி அரங்கம். வெளியே கணுக்கால் புதையப் பனி, உள்ளே பொங்கல் விழா. மேடைக்குப் பின்னால் பதினான்கு பேர் பறையைத் தோளில் மாட்டி நிற்கிறோம். விரலால் சுண்டிப் பார்க்கிறேன், 'பொத்' என்கிறது. வழியில் ஈரம் பட்டுத் தோல் தொய்ந்துவிட்டது. ஊராக இருந்தால் நாலு பிடி வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டியிருப்போம். இங்கே தீ மூட்ட முடியாது. ஒப்பனை அறையில் ஹேர் டிரையரைச் செருகி, தோலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். சுண்டினேன், 'பொத்'. மறுபடி காட்டினேன். நாலாவது தடவை 'கிண்' என்றது பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது!

நான் மதுரை செல்லூரில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் பறைச் சத்தம் கேட்டால் "யாரு போனது?" என்பார்கள். பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். தொடக்கூடாது என்று சாதி சொல்லி வைத்திருந்தது, நானும் தொடாமலே இருபத்தைந்து வயது வரை இருந்துவிட்டேன். கடல் தாண்டி வந்து, ஒரு நண்பரின் கார் கொட்டகையில்தான் முதன்முதலாகக் குச்சியைப் பிடித்தேன். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் ஒல்லியான மூங்கில் சுண்டுக்குச்சி. முதல் அடியிலேயே நெஞ்செலும்பு அதிர்ந்தது. இத்தனை வருடம் இதை விட்டுவிட்டோமே என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அடுத்த விடுமுறையில் நேராக அலங்காநல்லூர்ப் பக்கம் போனேன். சல்லிக்கட்டுக்குப் பேர்போன அந்த ஊர்தான் பறைக்கும் தலைநகர் என்பேன். 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட பறைக் கலைஞர் வேலு ஆசான் அந்த மண்ணுக்காரர். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வேறொருவர், என்னைவிட இளையவர். மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோல் ஒட்டுவதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். நான் கையை மட்டும் வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "கால் போடாம கை போட்டா அடி நிக்காதுண்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் பிடிபட்டது. பறை காலிலிருந்து கிளம்பி இடுப்பு வழியாகக் கைக்கு வருகிற வாத்தியம். ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை இருக்கிறது.

திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அடிப்பதையும் பார்த்துவிட வேண்டும். ஓக்லஹோமா பல்கலைக்கழக இசை ஆய்வாளர் ஸோ ஷெரினியன் இந்தப் பெண்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிய தோலை அந்தப் பெண்கள் தோளில் ஏற்றிய அழகே அழகு!

சரி, மேடைக்கு வருகிறேன். சாமிச்சாட்டில் நிதானமாக எடுத்தோம். பிறகு வேகம் கூடியது, பதினான்கு பறையும் ஒரே பறையாகிவிட்டது. எங்கள் வரிசையில் எல்லாச் சாதியும் உண்டு, பன்னிரண்டு வயதுச் சிறுமி உண்டு, அவளுடைய அப்பாவும் உண்டு. மூன்றாவது வரிசையில் மகன் வீட்டுக்கு வந்திருந்த உசிலம்பட்டி அம்மா ஒருவர், கம்பளிக் குல்லாவோடு எழுந்து குலவையிட்டார். அந்தக் குலவைக்குப் பிறகு அரங்கில் யாரும் உட்காரவில்லை. என் வாழ்நாளில் அதைப்போல ஒரு பொங்கலை நான் பார்த்ததில்லை!

உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பறை வகுப்பு இருந்தால் இந்த வாரமே போய்ச் சேருங்கள். இல்லையென்றால் மதுரைப் பக்கமிருந்து ஒரு கலைஞரை வரவழையுங்கள். பாட்டுக் கச்சேரிக்காரருக்குத் தருகிற அதே சம்பளத்தை, அதே மரியாதையோடு, அவர் கையிலும் கொடுங்கள்.