மொத்தமும் சில்லறையும்

தமிழில் 'மொத்தம்' என்ற சொல்லுக்கு மரியாதை அதிகம். மொத்த வியாபாரி என்றால் கடைத்தெருவில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்வார்கள். 'சில்லறை' அப்படியல்ல. சில்லறைத்தனம், சில்லறைப் புத்தி, சில்லறை விஷயம் என்று அது வசவாகவே பெரும்பாலும் புழங்குகிறது. வணிகத்தில் அளவைக் குறிக்க வந்த இரண்டு சொற்கள் மனிதரின் தரத்தைக் குறிக்கும் சொற்களாக எப்படி மாறின? பெண்களின் கடைக்கணக்கோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இது. மாதச் சாமானை ஒரே நாளில் வாங்கிப் போடுகிறவள் கெட்டிக்காரி, தினமும் கடைக்கு ஓடுகிறவளுக்கு வீடு நடத்தத் தெரியாது என்ற தீர்ப்பை வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள், விளம்பரங்களும் சொல்கின்றன. தீர்ப்பு எப்போதும் பெண் மீதுதான். மொத்தமாக வாங்குவது ஒரு குணமல்ல, அது ஒரு வசதி. அந்த வசதி யாருக்கு எப்படி வாய்க்கிறது என்பதையே இங்கே பார்க்க விரும்புகிறேன்.

இந்தப் பிரிவினை பழையது. அகநானூற்றின் 140ஆம் பாடல் அம்மூவனாருடையது. உப்பை வண்டிகளில் ஏற்றிக் குன்றுகளைக் கடந்து கொண்டுபோவது உமணர் கூட்டம். சேரிக்குள் நடந்து, உப்புக்குச் சமமான நெல் கேட்டுக் கூவி விற்பவள் உமணர் மகள். வீட்டு நாய் குரைக்கிறது, அவள் மிரள்கிறாள். தலைவன் அந்தக் கண்களைப் பார்த்து மயங்குகிறான். பாடம் சொல்லும் மரபும் அவன் பார்த்ததையே பார்த்து, கண்களின் அழகோடு நின்றுவிட்டது. அவள் அங்கே ஒரு வியாபாரி. வண்டிகளில் வந்த மொத்தத்தைப் படிபடியாக அளந்து, தெருத்தெருவாகக் கூவி, நாய்க்குப் பயந்து, நெல்லாக மாற்றித் தருபவள். வண்டியும் வழியும் கூட்டத்தின் வசம் இருக்க, வாசல்வாசலாகப் போகும் வேலை அவளுடையது.

தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி இருக்கும் தருவைகுளத்தின் கடற்கரையில் இந்தப் பிரிவினையை இன்றும் பார்க்கலாம். பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் வலைப்படகுகள் கரைக்கு வந்ததும் மீன் ஏலத்துக்கு வருகிறது. பெரிய மீன்களை ஐஸ் பெட்டிகளோடு காத்திருக்கும் வண்டிகள் எடுத்துக்கொண்டு போகின்றன. அந்த ஏலத்தில் நிற்கப் பெரும் பணம் வேண்டும், வண்டி வேண்டும், ஐஸ் வேண்டும். கூடையோடு வரும் பெண்களுக்கு மிஞ்சுவது சிறு மீன்களும் சிறு அளவுகளும். அதற்கும் முதல் வேண்டும். அந்த முதல் பெரும்பாலும் வட்டிக்கு வந்த பணம். ஆக, மொத்தத்தில் வாங்கும் வியாபாரிக்கு விலை குறைகிறது. சில்லறையில் வாங்கும் பெண்ணுக்கு மீனின் விலையோடு வட்டியும் சேருகிறது. அதற்கு மேல் கூடையைச் சுமந்து ஊர்களுக்குப் போக வேண்டும். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய ஒரு முதிய பெண்ணை, நாறுகிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. சீட்டு இலவசமான பிறகும் அவளுடைய தொழிலுக்கு அந்தப் பேருந்தில் இடமில்லை.

இனி வாங்கும் பக்கத்துக்கு வருவோம். கிடங்கு போன்ற கட்டடத்தில், பெட்டிபெட்டியாக, உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் கடை என்ற யோசனையை அமெரிக்காவில் சோல் பிரைஸ் என்பவர் 1976இல் சான் டியாகோவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1983இல் சியாட்டிலில் காஸ்ட்கோ தொடங்கியது. 1993இல் இரண்டும் இணைந்தன. டொரன்டோவிலும் நியூ ஜெர்சியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வார இறுதியில் அங்கே போய் வருவது பழக்கமாகிவிட்டது. இந்தக் கடைகள் பொருளின் மீது வைக்கும் லாபம் குறைவு. காஸ்ட்கோவின் லாபத்தில் பெரும்பகுதி உறுப்பினர்கள் ஆண்டுதோறும் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. அதாவது மலிவாக வாங்கும் உரிமைக்கு முன்பணம் கட்ட வேண்டும். அதோடு முடிவதில்லை. பெட்டியை ஏற்றிவரக் கார் வேண்டும், அடுக்கி வைக்க அறை வேண்டும், உறைய வைக்கப் பெரிய குளிர்பெட்டி வேண்டும், ஒரு மாதச் செலவை ஒரே நாளில் எண்ணி வைக்கும் வருமானம் வேண்டும். இவை நான்கும் இருப்பவருக்கே தள்ளுபடி. இல்லாதவருக்கு முழு விலை.

இந்தியாவில் இதன் வடிவம் சற்று மாறியது. 1997இல் மொத்த வணிகத்தில் 100 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு, அரசின் அனுமதி பெற்று, வழி திறந்தது. ஜெர்மனியின் மெட்ரோ நிறுவனம் 2003இல் பெங்களூரில் கடை திறந்தது. பார்தியோடு சேர்ந்த வால்மார்ட் 2009இல் அமிர்தசரஸில் திறந்தது. சட்டப்படி இவை வணிகர்களுக்கு விற்கும் கடைகள். உறுப்பினர் அட்டை பெற வணிகப் பதிவு காட்ட வேண்டும். மெட்ரோவின் இந்திய வணிகத்தை 2023இல் ரிலையன்ஸ் 2,850 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. இதற்கிடையே 2012 செப்டம்பரில் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, தமிழ்நாட்டில் அதை விடமாட்டோம் என்று முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். வணிகர் சங்கங்கள் கடையடைத்துப் போராடின. அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் அந்த விவாதத்தில் 'சில்லறை வணிகர்' என்று பேசப்பட்டவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆண். 'நுகர்வோர்' என்று பேசப்பட்டவள் தள்ளுவண்டியோடு பளபளக்கும் தரையில் நடக்கும் நகரத்துக் குடும்பத் தலைவி. கூடையில் மீன் விற்கும் பெண், சந்தையில் கீரைக்கட்டு விற்கும் பெண், பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்கும் பெண் ஆகிய மூவரும் இரண்டு தரப்பிலும் இல்லை.

அந்தப் பத்து ரூபாய் எண்ணெயைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வசதியுள்ளவர் அளவைச் சொல்லி விலையைக் கேட்கிறார்: "அஞ்சு லிட்டர் டின் என்ன விலை?" கூலிக்காரப் பெண் விலையைச் சொல்லி அளவைப் பெறுகிறாள்: "பத்து ரூவாய்க்கு எண்ணெ குடுங்கண்ணே." கையில் உள்ள நாணயம்தான் அவளுக்கு அளவைக் கோல். இதில் திட்டமின்மை எங்கே இருக்கிறது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் உப்பளத்தில் வேலையில்லை. அந்த மாதங்களுக்கென்றே உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை அரசு கொண்டுவந்திருக்கிறது. வருமானம் துண்டுதுண்டாக வரும்போது வாங்குவதும் துண்டுதுண்டாகத்தான் நடக்கும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரை நேரில் பார்த்துப் பழகி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வந்தது. நாடெங்கும் மூட்டைகளாகப் போகும் ஒரு பொருளை வாரிக் குவிக்கிறவர்கள் அன்றாடம் அளந்து வாழ்கிறார்கள் என்பதை அதைப் படிக்கும் எவரும் உணரலாம். தினம் கடைக்குப் போகும் பெண் வருகிற பணத்தின் தாளத்துக்கு வீட்டை நடத்துகிறாள். அதற்குத் தேவைப்படும் கணக்கு மாதச் சாமான் பட்டியலைவிடக் கடினமானது.

இந்தத் தாளத்தைப் பெருநிறுவனங்கள் நன்றாகவே புரிந்துகொண்டன. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்கு முன்னோடி கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். 1983இல் அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பூ அதைக் கிராமங்களுக்கெல்லாம் கொண்டுபோனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷாம்பூவைப் பொறுத்தவரை, மில்லி கணக்கில் பார்த்தால் பாட்டிலைவிடப் பாக்கெட் பல நேரம் மலிவு. சிறிதாக வாங்கினால் விலை கூடும் என்பது இயற்கையின் விதியல்ல என்பதற்கு இதுவே சாட்சி. யாரை வாடிக்கையாளராகப் பிடிக்க வேண்டுமோ அவருக்காக நிறுவனம் விலையை இறக்குகிறது. பிடித்த பிறகு, ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் ஐந்து ரூபாயாகவே நிற்க, உள்ளே இருக்கும் எடை ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. நாணயத்தை அளவுகோலாகக் கொண்டவளின் கண்ணுக்குத் தப்பும் என்று தெரிந்தே இது நடக்கிறது. ஓர் அலகுக்கு என்ன விலை என்று பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என 2021இல் எடையளவு விதிகள் திருத்தப்பட்டன. அந்த எழுத்தைப் படிக்கப் பல வீடுகளில் பூதக்கண்ணாடி வேண்டும்.

அப்படியானால் மொத்தமாக வாங்க முடிந்த பெண் வென்றவளா? அவள் வீட்டுக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை தானாகப் பானைக்குள் போவதில்லை. புடைக்க வேண்டும், காயவைக்க வேண்டும், வண்டு வராமல் வேப்பிலை போட வேண்டும், மிளகாயைக் காம்பு கிள்ளி வெயிலில் போட்டு மழைக்கு அள்ள வேண்டும், எது எப்போது தீரும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். கடை தன் கிடங்குச் செலவைக் குறைத்துக்கொள்ளும்போது அந்தக் கிடங்கு நம் வீட்டுக்குள் வருகிறது. கிடங்குக் காப்பாளர் வேலைக்குச் சம்பளம் இல்லை. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள். தள்ளுபடிச் சீட்டில் 'நீங்கள் சேமித்தது' என்று அச்சிடப்படும் தொகையில் இந்த நிமிடங்கள் கழிக்கப்படுவதில்லை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில், சமையலறை மேலான பிடியைப் பெண்ணின் அதிகாரமாகவே நம்பி வாழ்ந்த ஒரு மூதாட்டி வருகிறார். நிரம்பிய அலமாரியைப் பெருமையாகக் காட்டும் இன்றைய காணொளிகளும் அந்த அதிகாரத்தையே விற்கின்றன. ஜாடிகள் மட்டும் கண்ணாடியாகிவிட்டன.

மலிவு என்ற சொல்லைத் தூத்துக்குடி சந்தேகத்தோடு பார்க்கக் காரணம் உண்டு. 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, போட்டியிலிருந்த பிரிட்டிஷ் கம்பெனி பயணக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. கடைசியில் இலவசப் பயணத்தோடு ஒரு குடையும் கொடுத்தது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். ஆட்சியின் அடக்குமுறையும் சேர, வ.உ.சி. சிறையில் இருக்கும்போதே சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அறிவிப்பைப் பார்க்கும்போது அந்தக் குடையை நினைத்துக்கொள்வது நல்லது. பக்கத்துக் கடை மூடிய பிறகு விலையை யார் தீர்மானிப்பார்கள்? தடைக்காலத்தில் பற்று எழுதிக்கொண்டு அரிசி கொடுக்கும் நோட்டு எந்தக் கிடங்குக் கடையில் இருக்கிறது? அந்த நோட்டிலும் சுரண்டல் இருக்கலாம். ஆனால் பசித்த நாளில் அதுதான் இருக்கிறது.

தனியாளாக மொத்தம் வாங்க முடியாதவர்கள் சேர்ந்து வாங்குவதுதான் விடை என்பது பெண்களுக்குப் புதிய செய்தியல்ல. ஏலத்தில் இரண்டு மூன்று பேர் பணம் போட்டு ஒரு கூடையை எடுத்துக் கூறு பிரித்துக்கொள்வது கடற்கரைகளில் வழக்கம். வாரம் ஐம்பது, நூறு என்று கட்டி, பண்டிகைக்கு மளிகையும் பலகாரமும் பெறும் சீட்டு தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் தெருவுக்குத் தெரு நடக்கிறது. சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனால் பாதுகாப்பில்லை என்பது அதன் குறை. இதற்கு நிறுவன வடிவம் தந்தது கூட்டுறவு இயக்கம். சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இலேயே தொடங்கப்பட்டது. இவை எல்லாவற்றிலும் பெரிய மொத்தக் கொள்முதல் நம் ரேஷன் கடை. 1997இல் ஏழைகளுக்கு மட்டும் என்று மத்திய அரசு சுருக்கியபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கார் இல்லாமல், முன்பணம் இல்லாமல் மொத்த விலையின் பயன் ஒரு கூலிக்காரப் பெண்ணுக்குக் கிடைப்பது இங்கேதான். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டின் மூத்த பெண்ணையே அட்டையின் தலைவியாகச் சொல்கிறது.

ஆனாலும் வரிசையில் நிற்பதும் சுமப்பதும் அவளே. அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயிலுக்கு அப்பால் மிளகாய்க்கும் சோப்புக்கும் அவள் மறுபடி பத்து ரூபாய்க் கணக்குக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. எனவே நம் நுகர்வு அரசியல் எந்தக் கடையில் மலிவு என்ற தகவலோடு நிற்க முடியாது. ரேஷன் பட்டியல் நீள வேண்டும். மீன் இறங்குதளத்தில் பெண்களுக்கு வட்டியில்லா அன்றாட முதலும், ஐஸும், நிழலும், கூடையை ஏற்றும் பேருந்தும் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகத்தில் கையெழுத்துப் போட மட்டும் அல்லாமல், எதை எங்கே வாங்குவது என்று முடிவெடுக்கவும் பெண்கள் உட்கார வேண்டும். வீட்டுக்கு வந்த மூட்டையைப் புடைக்க ஆண்கள் முறமெடுக்க வேண்டும். தினமும் கடைக்குப் போகிறவளைச் சில்லறைப் புத்தி என்று சொல்ல அடுத்த முறை வாய் வரும்போது, அவள் கையில் இன்று எவ்வளவு இருந்தது, அது எப்போது வந்தது என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்ளலாம்.